தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு கணக்குகள்



தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருப்போரிடம் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, “எப்படி இருக்கிறார்?” என்பது. மருத்துவரைக் கண்டதுமே அதைக் கேட்டுவிடுகிறார்கள். மற்றொன்று, “இன்னும் எவ்வளவு ஆகும்?” என்பது. இதை மருத்துவரிடம் கேட்கப் பலரும் கூசுகிறார்கள். உயிர் ஊசலாடும் வேளையில் பணத்தைப் பற்றிப் பேசினால், பாசமில்லாதவர் என்று உற்றார் எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களைத் தடுக்கிறது. ஆகவே அக்கேள்வி பில் கவுண்டரில் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது. அங்கு அமர்ந்திருப்பவரால் தொகையைச் சொல்ல முடியும். அத்தொகை எதனால் வந்தது, நாளை எதற்காகக் கூடும் அல்லது குறையும் என்று அவரால் சொல்ல இயலாது.

இவ்விரு கேள்விகளும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் கேட்கப்பட வேண்டும். சிகிச்சை தரும் குழுவே இரண்டிற்கும் விடை கூற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. உயிரின் கணக்கும் பணத்தின் கணக்கும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்படும்வரை, தரமும் கெடும், செலவும் கூடும். இதனை மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகிய நாங்கள் எங்கள் அன்றாடப் பணியிலிருந்தும், உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலிருந்தும் உணர்ந்திருக்கிறோம். அதனைச் சற்று விரிவாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இத்தனை செலவு எதனால்?

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றதும் கருவிகளே நினைவுக்கு வருகின்றன. வென்டிலேட்டர், மானிட்டர், மருந்தைத் துளித்துளியாகச் செலுத்தும் பம்ப், டயாலிசிஸ் இயந்திரம் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் இப்பிரிவு பிறந்த வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ நோய் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தனர். அவர்களைக் காக்கும் இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன. மயக்கவியல் மருத்துவரான பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சளித்துக் காட்டினார். அதன்பின் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகே அமர்ந்து அந்தப் பைகளை அழுத்தினர். மரணங்கள் பெருமளவு குறைந்தன. அடுத்த ஆண்டின் இறுதியில் அதே நகரில் இப்சன் தொடங்கிய பிரிவே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடி என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

அன்று நோயாளிகளைக் காத்தது, கண்ணிமைக்காமல் அருகிலிருந்த ஒரு மனிதரின் கவனம். இன்றும் தீவிர சிகிச்சையின் உயிர்நாடி அதுவே; செலவின் பெரும்பகுதியும் அதற்கே உரியது. பொது வார்டில் ஒரு செவிலியர் பல நோயாளிகளைக் கவனிப்பார். வென்டிலேட்டரில் உள்ள நோயாளிக்கோ, ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதே விரும்பத்தக்க அளவு. 24 மணி நேரமும் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும். மூச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், உணவியலாளர், துப்புரவுப் பணியாளர் என ஒவ்வொரு படுக்கைக்கும் பின்னே ஒரு குழு இயங்குகிறது. படுக்கை நிரம்பியிருந்தாலும் காலியாயிருந்தாலும் இக்குழு பணியில் இருந்தே ஆக வேண்டும்.

பெரும்பாலும் முதல் நாளே செலவு மிகுந்த நாளாக இருக்கும் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. ஸ்கேன், அவசரச் சோதனைகள், குழாய்கள் பொருத்துதல், நோயாளியை நிலைப்படுத்துதல் ஆகியவை அன்றே நிகழ்கின்றன. முதல் நாள் பில்லைப் பார்த்துத் திகைத்து, “நாள்தோறும் இவ்வளவு ஆகுமோ” என்று கணக்கிட்டு, சிகிச்சையையே கைவிடத் துணியும் குடும்பங்கள் உண்டு. அத்தருணத்தில் யாரேனும் உடனமர்ந்து விளக்கியிருந்தால் அம்முடிவு மாறியிருக்கக்கூடும்.

மிச்சிகனில் நடந்தது

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் தரத்தில் கைவைக்க வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். தரம் வேண்டுமென்றால் பணத்தைப் பார்க்கக்கூடாது என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டு எண்ணங்களையும் அசைத்துப் பார்த்தது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2003-இல் தொடங்கிய ஒரு முயற்சி.

தீவிர சிகிச்சையில் உள்ளோருக்குக் கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ தொடையிலோ உள்ள பெரிய இரத்தநாளத்தில் ஒரு குழாய் செலுத்தப்படுவதுண்டு. மருந்தும் நீர்மமும் அதன்வழியே செல்லும். அக்குழாயின் வழியே கிருமியும் இரத்தத்தில் நுழைந்துவிடலாம். நுழைந்தால் காய்ச்சல், இரத்த அழுத்தச் சரிவு, விலைமிக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், கூடுதல் நாட்கள், சிலருக்கு மரணம் என்று அது விரியும்.

பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவர் தலைமையிலான குழு, மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து எளிய செயல்களைத் தவறாமல் பின்பற்றச் செய்தது. கைகளைக் கழுவுதல், குழாய் செலுத்தும்போது தொப்பி, முகக்கவசம், அங்கி, கையுறை அணிந்து நோயாளியை முழுதாகத் தூய துணியால் மூடுதல், தோலைக் குளோர்ஹெக்சிடின் மருந்தால் துடைத்தல், இயன்றவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே நீக்குதல். இவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். ஒரு படி விடுபட்டால் மருத்துவரை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்கு அளிக்கப்பட்டது.

இதன் விளைவு 2006-இல் வெளியிடப்பட்டது. நோயாளி ஒருவரின் உடலில் குழாய் ஒரு நாள் இருப்பதைக் ‘குழாய் நாள்’ எனக் கொண்டால், 1000 குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு, மூன்றே மாதங்களில் 0 ஆனது. அதாவது பாதிக்கும் குறையாத பிரிவுகளில் அக்காலத்தில் இத்தொற்றே இல்லை. 18 மாதங்கள்வரை கண்காணித்தபோது தொற்று மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. இதற்காக விலையுயர்ந்த புதிய இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. சோப்பும் துணியும் தாளும், அத்தாளை மதிக்கும் மனமும் போதுமானவையாக இருந்தன.

வராத தொற்றுக்கு மருந்துச் செலவில்லை. கூடுதல் படுக்கை நாட்களும் இல்லை. தரம் உயர்ந்தபோது செலவு தானே தாழ்ந்தது. தீவிர சிகிச்சையில் இத்தகைய இடங்கள் பல உள்ளன.

அளவோடு செய்வதே நலம் தரும் இடங்கள்

“எல்லா டெஸ்டும் எடுத்துவிடுங்கள், எதையும் விட்டுவிடாதீர்கள்” என்று குடும்பத்தார் வேண்டுவது இயல்பு. அன்பு அப்படித்தான் பேசும். ஆனால் மிகுதியாகச் செய்வது எப்போதும் நன்மை தருவதில்லை என்பதைக் கடந்த 25 ஆண்டுகளின் ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன.

இரத்தம் ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். 1999-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வொன்றில் 838 நோயாளிகள் பங்கேற்றனர். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் வந்தாலே இரத்தம் ஏற்றப்பட்டவர் ஒரு பிரிவினர். 7-க்குக் கீழ் வந்தால் மட்டுமே ஏற்றப்பட்டவர் மற்றொரு பிரிவினர். குறைவாக இரத்தம் பெற்றோர் மற்றவரைவிட எவ்வகையிலும் பின்தங்கவில்லை. இரத்தப்போக்கு உள்ளோருக்கும் மாரடைப்பு வந்தோருக்கும் கணக்கு வேறு. ஏனையோருக்கு, இரத்தம் ஏற்றாமல் காத்திருப்பது மருத்துவரின் அலட்சியம் ஆகாது.

மயக்க மருந்தின் கதையும் இதுவே. வென்டிலேட்டரில் உள்ளவர் வலியின்றி உறங்கட்டும் என்று எண்ணி முன்பு ஆழ்ந்த மயக்கத்திலேயே வைத்திருப்பர். 2000-ஆம் ஆண்டு சிகாகோவில் 128 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் ஒருமுறை மயக்க மருந்து நிறுத்தப்பட்டு, அவர்கள் விழிக்கவைக்கப்பட்டனர். அவர்கள் வென்டிலேட்டரில் இருந்த காலம் ஏறத்தாழ 5 நாட்கள். வழக்கமான முறையில் இருந்தோருக்கு 7 நாட்களுக்கு மேல். ஆகவே உங்கள் உறவினர் கண்விழித்துச் சற்றே தவிப்பதைக் கண்டால், “ஏன் தூங்கவைக்கவில்லை” என்று பதறும் முன், இது அவரை இயந்திரத்திலிருந்து விடுவிக்கும் முயற்சியா என்று எங்களிடம் கேளுங்கள்.

அதே 2000-ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் கடுமையாகச் சேதமுற்ற 861 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வென்டிலேட்டர் தரும் ஒவ்வொரு மூச்சின் அளவும் பாதியாகக் குறைக்கப்பட்டது. வழக்கமான அளவு பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். குறைந்த அளவு பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர் இறந்தனர். இம்மாற்றத்திற்கான செலவு, இயந்திரத்தின் ஒரு குமிழைத் திருப்பும் செலவு மட்டுமே.

2014-இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடித் தவிர்க்க வேண்டியவை என ஐந்தைப் பட்டியலிட்டன. காரணமின்றி நாள்தோறும் வாடிக்கையாகச் சோதனைகள் எடுப்பது, தேவையின்றி இரத்தம் ஏற்றுவது, நல்ல ஊட்டத்துடன் வந்தவருக்கு முதல் வாரத்திலேயே இரத்தநாளத்தின்வழி உணவூட்டுவது, காரணமின்றி ஆழ்ந்த மயக்கத்தில் வைப்பது ஆகியவை அவற்றில் நான்கு. ஐந்தாவதைப் பின்னர்க் கூறுவோம். வாடிக்கைச் சோதனைகளுக்காக நாள்தோறும் எடுக்கப்படும் இரத்தமே நாளடைவில் நோயாளிக்கு இரத்தச்சோகையை உண்டாக்கலாம் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கைவைக்கக் கூடாத இடங்கள்

சிக்கனத்தைப் போற்றும் நாங்கள், அது நுழையக் கூடாத இடங்களையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, செவிலியர் எண்ணிக்கை. இரவு வேளையில் ஒரு செவிலியரைக் குறைத்தால் அம்மாதக் கணக்கில் மிச்சம் தெரியும். அதே இரவில் கழன்ற குழாயும், நேரம் தவறிய மருந்தும், திருப்பிப் படுக்கவைக்கப்படாததால் வந்த படுக்கைப்புண்ணும் அக்கணக்கில் தெரியா. அவை நோயாளியின் உடலில் எழுதப்பட்டுப் பின்னர் குடும்பத்தின் பில்லில் வந்து சேரும். இரண்டாவது, கையுறையும் கைக்கழுவலும். மூன்றாவது, இரத்தத்தில் தொற்றுப் பரவியவருக்கு உரிய மருந்தைத் தாமதமின்றித் தொடங்குதல். நான்காவது, வெளியே அனுப்பும் நேரம். படுக்கை வேண்டுமென்றோ பணம் தீர்ந்ததென்றோ, உடல் தேறும் முன் வார்டுக்கு மாற்றப்பட்டவர் மீண்டும் உள்ளே வர நேர்ந்தால், முன்னினும் நலிந்த நிலையிலேயே வருவார்.

தரம் செலவைக் குறைக்குமென்றால் அது ஏன் எங்கும் தானாக நிகழவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு நேர்மையான விடை உண்டு. மிச்சமாகும் பணம் யாருக்கு மிச்சம் என்பதே கேள்வி. நாளுக்கு இவ்வளவு, ஊசிக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு என்று பணம் பெறும் முறையில், வராத தொற்றினால் குடும்பத்திற்கு இலாபம். மருத்துவமனைக்கு வருவாய் குறைவு. இதற்கு மாறாக, காப்பீட்டுத் திட்டங்களில் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை நிர்ணயிக்கப்படும்போது வீண் சோதனைகள் குறையும். அதே வேளையில், தேவையானதையும் குறைத்துவிடும் சபலம் அங்கு எழலாம். எந்த முறையும் தன்னளவில் தூயதன்று.

ஆகவே மருத்துவமனைகள் தங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் தர அளவுகளை நோயாளிகள் அறியும்படி வெளியிட வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம். குழாய்வழித் தொற்று எத்தனை, வென்டிலேட்டரால் வந்த நிமோனியா எத்தனை, படுக்கைப்புண் எத்தனை, வெளியேறி 48 மணி நேரத்திற்குள் திரும்ப வந்தோர் எத்தனை பேர், ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பவை எளிய கணக்குகள். மரண எண்ணிக்கையை மட்டும் கொண்டு மருத்துவமனைகளை ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும். மிகக் கடுமையான நோயாளிகள் வந்து சேரும் இடத்தில் மரணமும் கூடுதலாகவே இருக்கும். நோயின் கடுமையை மதிப்பெண்ணாக அளக்கும் அப்பாச்சி போன்ற முறைகள் 1980-களிலிருந்தே உள்ளன. அம்மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்த்தாலே மரணக் கணக்கு உண்மை பேசும்.

பணத்தைப் பற்றிப் பேசுவது பாவமன்று

தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2021-22-ஆம் ஆண்டில் நம் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தியது. 2013-14-இல் இருந்த 64.2 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. ஆயினும் இந்தச் சராசரிக்குள் தாலிக்கொடியை அடகு வைத்தவரும், நிலத்தை விற்றவரும், பிள்ளையின் படிப்பை நிறுத்தியவரும் அடங்கியுள்ளனர். தீவிர சிகிச்சை ஒரு குடும்பத்தைக் கடனில் ஆழ்த்த ஆண்டுகள் தேவையில்லை. சில நாட்களே போதும்.

இதனால்தான் நாள்தோறும் ஒருமுறை, சிகிச்சை நிலையும் செலவு நிலையும் சேர்த்து, குடும்பத்திடம் அமர்ந்து பேசுவது மருத்துவக் குழுவின் கடமை என்கிறோம். நேற்று என்ன நடந்தது, இன்று என்ன எதிர்பார்க்கிறோம், இதுவரை எவ்வளவு ஆயிற்று, அடுத்த மூன்று நாட்களுக்கு ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்ற நான்கையும் பத்து நிமிடங்களில் சொல்லிவிடலாம். தாங்க இயலாது என்று குடும்பம் இரண்டாம் நாளே சொன்னால் வழிகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு கிடைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பாதுகாப்பாக மாற்றவும் ஏற்பாடு செய்யலாம். பத்தாம் நாளில், எல்லாம் தீர்ந்த பின், எவரிடமும் சொல்லாமல் கையொப்பமிட்டு நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பத்திற்கு இவ்வழிகள் பயன்படாமலே போகின்றன.

உங்களுக்குரிய உரிமைகளையும் அறிந்திருங்கள். அவசர நிலையில் வந்தவருக்கு உயிர்காக்கும் உதவியை மறுக்கக் கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மருத்துவக் குறிப்பேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறைகள். கட்டண விவரத்தை முன்னரே அறிவதும், இனம் இனமாகப் பிரித்த பில்லைப் பெறுவதும், கட்டணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ உடலையோ தடுத்துவைக்காமல் இருப்பதும் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இடம்பெற்றவை. அதனைப் பின்பற்றுமாறு 2019-இல் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

மிகக் கடினமான உரையாடல்

ஐந்தாவதைப் பின்னர்க் கூறுவோம் என்றிருந்தோம். அது இதுவே: பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவருக்கு, வலி நீக்கி அமைதி தரும் சிகிச்சை என்ற மாற்று வழியைக் குடும்பத்திடம் எடுத்துக்கூறாமல், உயிர்காப்புக் கருவிகளைத் தொடர்ந்துகொண்டே போகக் கூடாது.

இதைப் படிக்கும்போதே சிலருக்கு மனம் கலங்கும். பணத்திற்காகக் கைவிடச் சொல்கிறார்களோ என்ற ஐயமும் எழலாம். எங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்கிறோம். செலவைக் குறைப்பதற்காக ஒருபோதும் இந்த உரையாடலைத் தொடங்கக் கூடாது. நோயாளியின் உடல் இனி எதைத் தாங்கும், அவர் எப்படி வாழ விரும்பினார், எதை விரும்பமாட்டார் என்பனவே இதற்கு அடிப்படை. வலி நீக்குவதும், மூச்சுத்திணறலைத் தணிப்பதும், உறவுகள் அருகிருந்து கைபற்றி விடைகொடுக்க வழிசெய்வதும் முழுமையான மருத்துவப் பணிகளே.

சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. கண்ணியத்துடன் இறப்பது வாழும் உரிமையின் பகுதி என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழிவகுத்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறைகள் எளிதாக்கப்பட்டன. நீதித்துறை நடுவரிடம் செல்லாமல், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் அதனை உறுதிசெய்யலாம். மருத்துவமனைகளில் இரு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்த பின்னரே கருவிகளை நீக்கும் முடிவு செயற்படும். 2024-இன் தொடக்கத்தில் வெளிவந்த மத்திய அரசின் தீவிர சிகிச்சை அனுமதி வழிகாட்டுதலும், நோயாளியோ உறவினரோ மறுத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கக் கூடாது என்கிறது.

முடிவெடுக்க இயலாது தவிக்கும் குடும்பங்களுக்கு நடுவழி ஒன்றுண்டு. “மூன்று நாட்கள் முழு மூச்சாக முயல்வோம். சிறுநீர் வெளியேற்றம் கூட வேண்டும், இரத்த அழுத்தத்திற்கான மருந்து குறைய வேண்டும், நினைவு சற்றேனும் திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் மாலை மீண்டும் அமர்ந்து பேசுவோம்” என்று காலமும் குறிக்கோளும் வரையறுத்து முயல்வதே அது. முயலாமல் விட்டோம் என்ற குற்றவுணர்வும், முடிவில்லாமல் இழுத்தோம் என்ற வேதனையும் இதனால் குறைகின்றன.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

எங்கள் கடமைகளைக் கூறினோம். உங்கள் பங்கும் சிறிதன்று. குடும்பத்தின் சார்பில் பேச ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பலரிடம் பலவிதமாகச் சொல்லப்படும் செய்தி குழப்பத்தையே தரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் கூறப்பட்டவற்றை எழுதிவையுங்கள். நோயாளி வீட்டில் உட்கொண்ட மருந்துகள், ஒவ்வாமை, பழைய ரிப்போர்ட்டுகள், காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை ஆகியவற்றை முதல் நாளே கொண்டுவாருங்கள். உள்ளே செல்லும்போதும் வெளியே வரும்போதும் கைகளைத் தூய்மை செய்யுங்கள். நாங்கள் மறந்தாலும் நினைவூட்டுங்கள். அதை நாங்கள் அவமதிப்பாகக் கருதமாட்டோம்.

பின்வரும் கேள்விகளைத் தயக்கமின்றிக் கேளுங்கள்.

இன்று இவருக்கு நாம் எட்ட நினைக்கும் இலக்கு என்ன?

உடலில் உள்ள குழாய்களில் எவை இன்னும் தேவை? எதை இன்று எடுக்கலாம்?

வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் முயற்சி இன்று உண்டா?

இந்தச் சோதனையின் முடிவு சிகிச்சையை எவ்வாறு மாற்றும்?

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எத்தனை நாட்களுக்கு? இதே பயன் தரும் விலை குறைந்த மருந்து உண்டா?

இதுவரை எவ்வளவு ஆயிற்று? அடுத்த மூன்று நாட்களுக்கு எவ்வளவு ஆகும்?

இக்கேள்விகளில் முதல் ஐந்தும் தரத்தைப் பற்றியவை. ஆயினும் ஒவ்வொன்றும் செலவையும் தொடுகிறது. ஆறாவது செலவைப் பற்றியது. அதற்கு உண்மையான விடை கிடைத்தால், உங்கள் உறவினரின் சிகிச்சை பாதியில் அறுபடாமல் தொடர வழி பிறக்கும்.

மருத்துவரின் சுற்று வரும் நேரத்தைச் செவிலியரிடம் கேட்டறிந்து, அந்நேரத்தில் வாயிலருகே இருங்கள். பணத்தைப் பற்றிய உங்கள் கவலையையும் அங்கேயே கூறுங்கள். அதைக் கேட்டு விடை சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம்.